இடுப்பளவுப் பந்தல்

என் மனைவி சௌசௌக் கொடிக்கு இடுப்பளவில் பந்தல் போட்டபோது சிரிக்காத ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. நானும்தான் சிரித்தேன். பந்தல் என்றால் தலைக்கு மேலே நிற்க வேண்டும், காய் தொங்கும்போது ஆள் அடியில் நடந்துபோய்ப் பறிக்க வேண்டும், அதுதானே உலக வழக்கம்? இவள் நட்ட கம்புகள் என் பெல்ட்டுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டன. "என்னா புள்ள, ஆட்டுக்குட்டிக்குக் கல்யாணமா, இம்புட்டுக் குட்டையா பந்தல் போடுற?" என்று கேட்டேன். கம்பியை இழுத்து முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்கையி இந்த உசரத்துலதான் வேல பழகியிருக்கு. கையத் தூக்கிக்கிட்டே நிக்க என்னால ஆகாதுங்க."

அவள் சொன்னது நியாயம்தான். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து கொழுந்து பறித்தவள். தேயிலைச் செடியை இடுப்புக்கு மேல் வளர விடமாட்டார்கள். கவ்வாத்து வெட்டி வெட்டி, மேல்பக்கத்தை மேசைபோல மட்டமாக வைத்திருப்பார்கள். அந்த மட்டத்துக்கு மேலே தலை நீட்டுகிற இளந்தளிரை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் ஒடித்து, முதுகில் தொங்கும் கூடையில் எறிய வேண்டும். என் மனைவி அதைச் செய்யும்போது கண்ணால் பார்க்கவே மாட்டாள். பக்கத்து நிரையில் நிற்பவளோடு ஊர் வம்பு பேசிக்கொண்டிருப்பாள். கை அதுபாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

நான் பதுளைக்கும் பசறைக்கும் இடையில் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வாய் பெரிது, கோபம் மூக்கு நுனியில். "பின்னுக்குப் போங்க, இன்னும் பின்னுக்குப் போங்க" என்று நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், சோறு கேட்கும்போதும் அதே குரல்தான் வரும். பஸ் ஓடினால் எனக்குச் சம்பளம். கராஜில் படுத்தால் நானும் வீட்டில் படுக்க வேண்டியதுதான். அதனால் இவளுடைய தோட்டத்துப் பேர்தான் எங்கள் மூன்று பேருக்கும், அதாவது எனக்கும் அவளுக்கும் படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கும், காலூன்றிய மண்.

பேர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூட வேண்டும். கங்காணி செக்ரோல் என்ற பேர்ப்பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு அன்றைய மலைக்கு அனுப்புவார். சொன்ன அளவு கொழுந்து கொண்டுவந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அந்தப் பேர் செக்ரோலில் இருக்கும்வரைதான் நாம் தோட்டத்து ஆள். அதை ஒருமுறை வெட்டிவிட்டால், திரும்பிப் போகிறவள் நேற்று வந்தவளைப்போல வரிசையின் வாலில் நிற்க வேண்டும். இத்தனை வருஷம் மழையில் நனைந்தது, அட்டைக்கு ரத்தம் கொடுத்தது எல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

அப்படியிருக்க, அவள் ஒருநாள் தோட்டத்து ஆபீஸான கந்தோருக்குப் போய், சொந்தமாக மரக்கறி போட நீண்ட லீவு கேட்டுவிட்டு வந்தாள். அடுத்த ஆவணி மாதம் முடிகிறவரை கொடுத்தார்கள். அதற்கு அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவோம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கங்காணி சிரித்தாராம். "ஏம்மா, கொடி வளத்துக் குடும்பம் நடத்தப் போறியா?" என்று கேட்டாராம். எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபத்தைவிட இவள்மேல்தான் அதிகமாக வந்தது. ஆழம் தெரியாமல் காலை விடுகிறாயே என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. "இத்தன வருசமா எங்கையி அடுத்தவுங்க சொல்லக் கேட்டுத்தான் வேல செஞ்சிச்சு. என் சொல்லக் கேட்டு ஒரு வருசம் செஞ்சு பாக்கட்டுமே. முடியலைனா நானே கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன்" என்றாள்.

எங்கள் வீடு பாதை வளைவு ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தனிச் சுவரும் தனி வாசலும் கிடைத்ததே எனக்குப் போதுமாயிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தோட்டம் கைவிட்ட தேயிலைச் சரிவு ஒன்று காடு பற்றிக் கிடந்தது. விருப்பமுள்ளவர்கள் அதில் மரக்கறி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். விருப்பமுள்ளவள் என்று என் மனைவி ஒருத்திதான் புறப்பட்டாள். கிழட்டுத் தேயிலை மூட்டைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பிடிவாதம் தெரியும். அலவாங்குக் கடப்பாரையை வேருக்கடியில் கொடுத்து, நான் ஒரு முனையில் தொங்க, அவள் மறுபக்கம் மண்வெட்டியால் கொத்த, மகள் கல் பொறுக்க, அந்தச் சரிவு கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பேச்சைக் கேட்டது. பொறுக்கின கல்லை வீணாக்காமல் அடுக்கி வரப்புக் கட்டினாள். மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிப் போகாதபடி சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால்போலக் கான் வெட்டினாள். ஆட்டுப்பட்டி, கோழிக்கூடு, எருக்குழி என்று ஒவ்வொன்றாக முளைத்தன. மலை ஊற்றுப் பீலியிலிருந்து குழாய் இழுத்துப் பழைய டேங்கில் தண்ணீர் விழச் செய்தாள். நான் பஸ்ஸில் வளைவைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்திருப்பாள். பஸ்ஸில் இருப்பவர்களிடம், "அந்தா தெரியுதே, அதுதான் நம்ம வீட்டம்மா" என்று சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவளிடம் மட்டும் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறிக்கொள்வாளே!

சௌசௌதான் அவளுடைய பெரிய நம்பிக்கை. கத்தரி, மிளகாய் எல்லாம் வீட்டுக்கு, சௌசௌ சந்தைக்கு. கொடி விறுவிறுவென்று ஏறியது. வைகாசியில் அந்தக் குட்டைப் பந்தல் முழுக்கப் பச்சை மூடி, மேலே தளிர்கள் சுருள் நீட்டி நின்றன. நுனிகளில் பூ மொட்டுக்கூட எட்டிப் பார்த்தது. தூரத்திலிருந்து பார்த்தால் புதுசாகக் கவ்வாத்து முடிந்து தளிர் விட்ட தேயிலை மலை ஒன்று எங்கள் கொல்லைக்குள் வந்து உட்கார்ந்தாற்போல் இருந்தது. இதை நான் அழகு என்று நினைத்தேனே தவிர, இதில் வில்லங்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், மனைவி போயிருந்தாள். பஸ் கராஜில் படுத்திருந்ததால் நான் வீட்டில். அவளோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த பெண்கள் நாலைந்து பேர் திடீரென்று வந்து நின்றார்கள். எல்லோருக்கும் மூத்த அக்கா, "தங்கச்சி ஒத்தையில கெடந்து மாயுறாளே தம்பி. லீவு நாளுதானே, ஒரு கை புல்லு புடுங்கிக் குடுத்துட்டுப் போவோம்னு வந்தோம்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போங்கக்கா, நீங்க பந்தல் பக்கம் போங்க, நான் பிளேன்டீ ஊத்திக்கிட்டு வாறேன்" என்று சமையல்கட்டுக்குள் போனேன்.

இஞ்சி தட்டிப் போட்டேன். ரொட்டியும் சுடலாம் என்று மாவு பிசைந்தேன். பின்னாலிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்தது. யாருடைய மகளோ கொழும்பில் யாரையோ கட்டிக்கொண்ட கதை. நானும் காதை அங்கே வைத்துக்கொண்டு ஆற அமர ரொட்டியைப் புரட்டினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பந்தல் மொட்டையாகியிருந்தது. மட்டக்கம்பு வைத்து அளந்தாற்போல, ஒரு தளிர் கூட மேலே நீட்டாமல், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் சமமாக ஒடித்திருந்தார்கள். எல்லோரும் முந்தானையை இடுப்பில் மடித்துக் கட்டி, அது நிறையத் தளிர் போட்டுக்கொண்டு, கொழும்பு மாப்பிள்ளைக் கதையின் முடிவில் நின்றார்கள். புல் பிடுங்கக் குனிந்தவர்கள்தான். இடுப்புயரத்தில் பச்சை மட்டத்தைக் கண்டதும், பேச்சு சுவாரஸ்யத்தில், கை வேலையைத் தொடங்கிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது இதுதான்.

"அடிப் பாவிகளா!" என்று நான் போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. "பூ வார நேரத்துல கழுத்தத் திருகிட்டீங்களே! ஒங்களையெல்லாம் யாரு வரச் சொன்னா?" மூத்த அக்கா தன் முந்தானையைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "அய்யய்யோ, என்னாடி செஞ்சுப்புட்டோம்!" என்று தலையில் கை வைத்து அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தி அழுதே விட்டாள். இந்தக் கொடி காய்த்தால்தான் என் மனைவி பெரட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருக்க முடியும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் தங்கள் கையாலேயே ஒடித்துவிட்டோம் என்று நினைத்தால் யாருக்குத்தான் நெஞ்சு தாங்கும்? பிளேன்டீ ஆறிப்போனது. ரொட்டியை யாரும் தொடவில்லை.

மனைவி வந்தாள். பந்தலைப் பார்த்தாள், பெண்களைப் பார்த்தாள், வாசலில் குவிந்திருந்த தளிரைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. நான் மறுபடி கத்த ஆரம்பித்தேன். "சும்மா இருங்க. அவுகள ஏசாதீங்க" என்று என்னை அடக்கிவிட்டுக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தளிரை எடுத்து ஒடிந்த இடத்தை விரலால் தடவினாள். இன்னொன்றையும் எடுத்தாள். "நார் ஒண்ணுகூட இல்லாம ஒடிச்சிருக்கீங்கக்கா" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "நான் நின்னிருந்தாலும் என் கையும் இதத்தான் செஞ்சிருக்கும்."

எங்கள் பக்கம் சௌசௌத் தளிரும் கீரைதான். குவியலில் ஒரு பங்கை அள்ளிப்போய்ப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, கொஞ்சம் மாசிக் கருவாடு போட்டுச் சுண்டினாள். அழுதுகொண்டிருந்தவர்களுக்கே பரிமாறினாள். மூத்த அக்கா முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார். "ஏடி, இது சந்தையில விக்கிற கீர மாதிரி இல்லையே, வெண்ணையா கரையுது!" என்றார். என் மனைவி எழுந்து மீதிக் குவியல்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை, கராஜிலிருந்து வந்த எங்கள் பஸ்ஸின் முதல் டிரிப்பில் தளிர் நிரப்பிய இரண்டு ஈரச் சாக்குகளோடு ஏறினாள். பசறைச் சந்தையில் கீரை விற்கும் சிங்களப் பெண் ஒருவர் பஸ்ஸில் எனக்குப் பழக்கம். அவர் ஒரு கட்டைப் பிரித்து, தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். மற்றவர்கள் கத்தியால் அறுத்துக் கொண்டுவரும் சௌசௌத் தளிர் முழ நீளத்துக்கு இருக்கும், பாதி முற்றல், வாங்குகிறவர்கள் பாதியை எறிய வேண்டும். இதில் எறிய ஒன்றுமே இல்லை. "ஹரி ஷோக் நங்கி!" என்றார், ரொம்ப ஜோர் தங்கச்சி என்று சிங்களத்தில். பிறகு எங்கள் தமிழில், "கிழமைக்கிக் கிழமை கொண்டு வாங்க, வேற ஆளுக்குக் குடுக்க வேணாம்" என்றார். பஸ் புறப்பட ஹோன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு அவளைப் பார்த்தேன். காலிச் சாக்கை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு பந்தலுக்கு முறை வந்துவிட்டது. தேயிலைக்கு எப்படிக் கிழமைக்கு ஒரு சுற்றோ அப்படியே. ஒடித்த இடத்தில் இரண்டாகவும் மூன்றாகவும் பக்கத் தளிர் வெடித்தது. அந்தப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். இம்முறை கூப்பிட்டு, வாங்க வேண்டிய கூலியை வாங்கிக்கொண்டு. நானும் வாய்ச்சவடால் விட்டுக்கொண்டு ஒருநாள் கொழுந்து ஒடிக்கப் போனேன். முற்றலையும் சேர்த்துப் பிய்த்துவிட்டேன். "ஒங்களுக்கு இன்னைக்கி அரைப்பேருதான்" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

எல்லாம் நல்லபடி போகிறது என்று நினைத்தபோது கச்சான் காற்று பிடித்தது. எங்கள் பக்கம் ஆடியில் அடிக்கும் அந்தக் காற்றுக்கு ஈரம் என்றால் ஜென்மப் பகை. பீலி நூலாக மெலிந்தது, டேங்க் காய்ந்தது. அவளும் மகளும் வாளி வாளியாகச் சுமந்து பந்தலோரத்துக் கொடி மூட்டுகளில் ஊற்றினார்கள். ஆனாலும் தளிர் சுருங்கிவிட்டது; இரண்டு சாக்கு ஒன்றாகி, ஒன்று பாதியானது. ஆவணியும் முடியப் போகிறது. கங்காணி ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: வருகிற திங்கள் கடைசி.

சனிக்கிழமை சாயந்தரம் வாசல்படியில் உட்கார்ந்து, "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "தளிர நம்பி எப்பிடிப் பேர விடுறது? வருசா வருசம் கச்சான் வருமே. போயிரலாம்போல இருக்கு." நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆரம்பத்திலிருந்து நான் சொன்னதும் இதுதானே. ஆனால் அந்தச் சரிவில் அவள் அடுக்கிய கல் ஒவ்வொன்றும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. "ஒன் இஷ்டம் புள்ள" என்றேன். அதைவிட உதவாத ஒரு பதிலை மனுஷன் சொல்ல முடியாது.

ஞாயிறு காலையில் கோழி ஒன்றைக் காணவில்லை. அடைகாக்கும் கோழி, பந்தலுக்கடியில் எங்கோ புகுந்துவிட்டது என்று மகள் முழங்காலில் தவழ்ந்து உள்ளே போனாள். பிறகு உள்ளேயிருந்து கத்தினாள்: "அம்மா! இங்க வாங்க! அடியில வந்து பாருங்க!"

பாம்பு என்று நினைத்து நான் தடியோடு ஓடினேன். மனைவி எனக்கு முன்னால் குனிந்து புகுந்துவிட்டாள். நானும் தொப்பையைச் சுருக்கிக்கொண்டு தவழ்ந்தேன். உள்ளே குளுமையாக இருந்தது. வெளியே காற்று சுட்டெரிக்க, அடியில் மண் ஈரம் காயாமல் கிடந்தது. அங்கே, கையெட்டும் இடத்திலெல்லாம் காய். பெண்கள் ஒடித்து ஒடித்து வெடிக்க வைத்த பக்கக்கொடி அத்தனையும், மேலே தளிர் விடத் திணறிக்கொண்டே, கீழே காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. முட்டையளவில் பிஞ்சு, உள்ளங்கையளவில் காய், சில முற்றியே விட்டன. கிழமைக்குக் கிழமை நாலைந்து பேர் அந்தப் பந்தலைச் சுற்றி நின்றிருக்கிறோம், ஒருத்தர்கூட அடியில் பார்க்கவில்லை! தேயிலைக்காரர்கள் செடியின் மேலேதான் பார்ப்போம், அடியில் அட்டைதான் இருக்கும். மனைவி மண்ணில் உட்கார்ந்து ஒரு காயைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன், அவர்கள் நம்பவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. நான் எழுந்தபோது அவள் குளித்து, நல்ல சேலை கட்டி, தலைவாரிக்கொண்டிருந்தாள். "எங்க புள்ள?" என்றேன். "பெரட்டுக்கு" என்றாள். இத்தனை காய்த்த பிறகுமா? சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பெரட்டுக் களத்தில் எல்லோரும் வழக்கம்போல நின்றார்கள். கூடையும் இல்லாமல் நல்ல சேலையோடு இவள் வந்து நின்றதைப் பார்த்து ஒரு சலசலப்பு. கங்காணி செக்ரோலைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, இவள் பேருக்கும் வந்தார்.

"என் பேர வெட்டிருங்க கங்காணி ஐயா" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வரலைனா நாங்களே வெட்டியிருப்போமே. இதச் சொல்லவாம்மா இம்புட்டுத் தூரம் வந்த?"

"ஆமாங்க." எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினாள். "எங்கம்மா பேரு இதுல இருந்திச்சு. அவங்கம்மா பேரும் இருந்திச்சு. ரெண்டு பேரு பேரையும் அவுங்க செத்த பெறகுதான் வெட்டுனீங்க. நான் உசுரோட நின்னு வெட்டிக்கிறேன்."

மூத்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கங்காணி என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அவர் பேனாவை எடுத்துக் கோடு போட்டார். என் மனைவி கிட்டப் போய், கோடு கடைசி எழுத்துவரை விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தாள்.